பெற்றோர் சங்க பைலா: எந்தச் சண்டைக்கு எந்த வரி காரணம்

பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்தில் சண்டை வந்தால் நாம் முதலில் ஆளைத்தான் சந்தேகிக்கிறோம். தலைவர் யாரையும் மதிப்பதில்லை, பொருளாளர் கணக்கைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார், எட்டாம் வகுப்புப் பெற்றோர் கோஷ்டி சேர்ந்து கிளப்புகிறார்கள், இப்படி. என் இரண்டு பிள்ளைகள் படித்த இரண்டு பள்ளிகளிலும் சங்கச் செயலர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த வருடங்களில் பார்த்த சண்டைகளை இப்போது திரும்ப நினைத்துப் பார்த்தால், முக்கால்வாசி பைலாவின், அதாவது சங்கத்தின் விதித்தொகுப்பின், ஏதோ ஒரு வரியில் போய் நிற்கிறது. யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன என்ற மூன்றில் ஒன்று அந்த வரியில் விட்டுப்போயிருக்கும்.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் சங்கத்தில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் தாங்களாகவே பதிவு செய்துகொண்ட பெற்றோர் சங்கங்களுக்கு. அரசுப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றால் கல்வித்துறை வகுத்த விதிகள் இருக்கும்; தலைமையாசிரியரிடம் அதை வாங்கிப் படித்துவிட்டு இங்கே வாருங்கள்.

“பைலாவா? அது பழைய செயலர் வீட்டில் இருக்கும்”

எல்லாக் கோளாறுக்கும் முந்திய கோளாறு இது. பைலா என்று ஒரு ஜெராக்ஸ் கையிலிருக்கும், அதில் ஆறாம் பக்கம் இருக்காது. அல்லது மூன்று பேரிடம் மூன்று விதமான பைலா இருக்கும், ஒவ்வொருவரும் தன்னுடையதுதான் ஒரிஜினல் என்பார்.

கையிலிருக்கும் தாளை நம்பி ஒரு வரியைக்கூடத் திருத்தாதீர்கள். சங்கம் பதிவான மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டி, சான்றிட்ட நகல் கேளுங்கள். பைலா மட்டுமல்ல, இதுவரை தாக்கலான திருத்தங்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1860ஆம் ஆண்டின் பழைய மத்தியச் சட்டத்தின் கீழ் பதிவான பழைய சங்கமாக இருந்தாலும் இப்போது 1975 சட்டம்தான் பொருந்தும், அதே அலுவலகம்தான்.

எங்கள் முதல் பள்ளியில் இதைச் செய்தபோது ஒரு வேடிக்கை. நாலு வருடமாக நாங்கள் மேற்கோள் காட்டிச் சண்டை போட்ட “விதி 14” பதிவான பைலாவிலேயே இல்லை. யாரோ வரைவு அடித்து வைத்ததை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள்.

கோரம் சேராமல் கூட்டம் மூன்றாவது முறையாகக் கலைகிறது

கோரம் என்பது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. அதைச் சொல்லும் விதியைத் திறந்து பாருங்கள். “மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர்” என்று இருக்கும். சங்கம் தொடங்கிய நாளில் அறுபது பேர் இருந்தார்கள், இருபது பேர் வருவது பெரிய விஷயமாக இல்லை. இப்போது 412 உறுப்பினர்கள். 138 பேர் வந்தால்தான் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு 45 பேர் வருவார்கள், டீ குடிப்பார்கள், கலைவார்கள்.

திருத்தம் இப்படி இருக்கலாம்: “பொதுக்குழுவின் கோரம், மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 40 பேர், இவற்றில் எது குறைவோ அது. குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால் தலைவர் கூட்டத்தை அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடத்துக்கு ஒத்திவைப்பார். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களே கோரம். பைலா திருத்தத்தையும் செயற்குழுவை நீக்குவதையும் ஒத்திவைத்த கூட்டத்தில் எடுக்கக் கூடாது.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் முதல் கூட்டத்துக்கு யாரையும் வரவிடாமல் செய்துவிட்டு, அடுத்த வாரம் ஏழு பேர் உட்கார்ந்து சங்கத்தையே மாற்றி எழுதிவிடலாம்.

இன்னொன்று, கோரத்தை எப்போது எண்ணுவது? பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. “வாக்கெடுப்பின்போது அரங்கில் இருப்பவர்களின் எண்ணிக்கை” என்று எழுதிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது.

இதில் ஒரு பொறி இருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். கோரத்தைக் குறைக்க ஒரு கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்துக்குப் பழைய கோரம் வேண்டும். 138 பேரை எங்கே பிடிப்பது? நாங்கள் பிடித்தது அரையாண்டுத் தேர்வு ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில். அன்றைக்கு எப்படியும் பெற்றோர் பள்ளிக்கு வந்துதான் ஆக வேண்டும். தலைமையாசிரியரிடம் பேசி, கார்டு கொடுப்பதைப் பதினொன்றரைக்கு வைத்தோம். பதினொரு மணிக்கு அரங்கில் கூட்டம், ஒரே ஒரு பொருள். 151 பேர் இருந்தார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. வேறு எதையும் அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள், பிடிவாதமாக மறுத்துவிட்டேன்.

“தம்பி, எனக்கு ஓட்டு உண்டா இல்லையா?”

ஒரு தேர்தலில் பாட்டி ஒருவர் எழுந்து நின்று என்னிடம் கேட்டது. மகளும் மருமகனும் வெளிநாட்டில், பேரனை எல்.கே.ஜி.யிலிருந்து வளர்ப்பது இவர்தான், ஒரு கூட்டத்தைக்கூட விட்டதில்லை. பைலாவில் “மாணவர்களின் பெற்றோர் அனைவரும் உறுப்பினர்” என்று ஒரே வரி. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “பாட்டி, கொஞ்சம் உட்காருங்க, பார்த்துச் சொல்றேன்” என்றேன். பார்த்தேன், பைலா எதுவும் சொல்லவில்லை.

பெற்றோர் என்ற சொல் பார்ப்பதற்குத் தெளிவானது போலத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒருவரா இருவரா? அப்பாவும் அம்மாவும் வந்தால் ஒரு வாக்கா இரண்டா? மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால் மூன்று வாக்கா? அதே பள்ளியில் ஆசிரியராக இருக்கும் தாய், பெற்றோர் பக்கமா ஆசிரியர் பக்கமா? பிரிந்து வாழும் தம்பதியில் யார்? இத்தனைக்கும் அந்த ஒரு சொல் பதில் சொல்லாது.

“குடும்பத்துக்கு ஒரு வாக்கு” என்று வைப்பதுதான் பொதுவான வழக்கம். எனக்கு அது பிடிக்காது. காரணம், சேர்க்கை விண்ணப்பத்தில் அப்பா பெயர் இருக்கும், கூட்டத்துக்கு வருவது அம்மா. வாக்கெடுப்பு என்றதும் அவர் வீட்டுக்கு போன் போட்டு “என்னங்க, எந்தப் பக்கம் கை தூக்குறது?” என்று கேட்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாங்கள் கடைசியில் எழுதியது இது: “உறுப்பினர் என்பவர், பள்ளிப் பதிவேட்டில் பெயருள்ள மாணவரின் தாய், தந்தை, அல்லது அந்த மாணவரைத் தம்முடன் வைத்து வளர்ப்பதாகப் பள்ளியில் எழுதிக்கொடுத்த காப்பாளர். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வாக்கு, எத்தனை பிள்ளைகள் படித்தாலும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு வாக்குக்கு மேல் கிடையாது. சந்தா குடும்பத்துக்கு ஒன்று.”

இதை மாற்றினால் உறுப்பினர் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும், கோரமும் கூடவே ஏறும். அதனால்தான் மேலே “40 பேர், எது குறைவோ அது” என்று ஒரு எண்ணையும் சேர்த்துப் போட்டது. பைலாவில் ஒரு வரியைத் தொட்டால் இன்னொரு வரி அசையும். திருத்தும்போது அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் தேடிப் பாருங்கள்.

தீர்மானம் நிறைவேறியதா இல்லையா என்றே தெரியவில்லை

“உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவுடன் விதிகளைத் திருத்தலாம்.” யாருடைய மூன்றில் இரண்டு பங்கு? 412 பேரில் என்றால் 275 பேர் வேண்டும். வந்திருந்த 90 பேரில் என்றால் 60 போதும். கை தூக்கியவர்களில் என்றால், நடுநிலையாக உட்கார்ந்திருந்த 20 பேரைக் கழித்துவிட்டு 70 பேரில் 47 போதும். ஒரே வரிக்கு மூன்று விடை. சண்டை வராமல் எப்படி இருக்கும்?

பதிவான சங்கத்துக்கு பைலா திருத்தத்தில் சட்டமே விடை சொல்லிவிடுகிறது. அது சிறப்புத் தீர்மானமாக வர வேண்டும். வாக்குரிமையுள்ளவர்களில் கூட்டத்துக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். இதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப்போகிறோம் என்று குறிப்பிட்டு 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். வந்தவர் 90 என்றால் 68 பேர். உங்கள் பைலா இதைவிட இளக்கமாக இருந்தால் அந்த வரியை நம்பிப் போகாதீர்கள்.

21 நாளை எப்படி எண்ணுவது என்பதிலும் ஒரு தடவை அரை மணி நேரம் போனது. அறிவிப்பு அனுப்பிய நாள் சேருமா, கூட்ட நாள் சேருமா? இரண்டையும் விட்டுவிட்டு இடையில் முழுதாக 21 நாள் என்று எண்ணிவிடுங்கள். ஜூலை 1 அனுப்பினால் ஜூலை 23 கூட்டம். ஒரு நாள் கூடினால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை, ஒரு நாள் குறைந்தால் எல்லாம் போச்சு.

விதி இருக்கிறது, ஆனால் யாரும் செய்வதில்லை

ஒரு சிவப்புப் பேனா எடுத்துக்கொண்டு, பைலாவில் “படும்”, “படுவர்”, “படுவார்” என்று முடியும் சொற்களையெல்லாம் வட்டமிடுங்கள். எங்கள் பைலா ஒன்பது பக்கம், 31 வட்டம் வந்தது. கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்படும். கூட்ட நடவடிக்கைகள் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கப்படும். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத செயற்குழு உறுப்பினர் நீக்கப்படுவார். காலியிடம் நிரப்பப்படும்.

கேட்க கம்பீரமாகத்தான் இருக்கிறது. யார் தணிக்கை செய்வது, யார் நீக்குவது என்று ஒரு வரியும் சொல்லவில்லை. அரசாங்கக் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு இந்த நடை ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆள் யார் என்று சொல்லாமலே ஒரு முழு வாக்கியம் எழுதிவிட முடிகிறது.

மூன்று கூட்டம் வராதவர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பதவி தானாகவே போய்விடுகிறதா, அல்லது யாராவது தீர்மானம் போட வேண்டுமா? லீவு சொல்லிவிட்டு வராவிட்டால்? எங்களிடம் ஒருவர் நாலாவது கூட்டத்துக்கு வந்து வாக்களித்தார், அந்த வாக்கில்தான் தீர்மானம் ஜெயித்தது. தோற்றவர்கள் “அவர் போன மாதமே நீக்கப்பட்டுவிட்டார்” என்றார்கள். ஜெயித்தவர்கள் “யார் நீக்கினது?” என்றார்கள். இரண்டு பேரும் அதே வரியைத்தான் காட்டினார்கள்.

மாற்றி எழுதியது: “செயலரிடம் எழுத்தில் சொல்லாமல் தொடர்ந்து மூன்று செயற்குழுக் கூட்டங்களுக்கு வராதவருக்கு, மூன்றாவது கூட்டம் முடிந்த ஏழு நாளுக்குள் செயலர் கடிதம் அனுப்புவார். அடுத்த கூட்டத்தில் செயற்குழு அவருடைய விளக்கத்தைக் கேட்டு, அவரைத் தொடரவிடுவதா என்று பெரும்பான்மையால் முடிவு செய்யும். அந்த முடிவு வரும் வரை அவர் உறுப்பினரே.” நீளம்தான். ஆனால் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டினால் யாருக்கும் வாய் திறக்க இடமில்லை.

31 வட்டத்தையும் இப்படி மாற்ற வேண்டாம். ஆள் தானாகவே விளங்குகிற இடத்தில் “படும்” இருந்துவிட்டுப் போகட்டும்.

வங்கி காசோலையைத் திருப்பி அனுப்புகிறது, அல்லது பணம் போன வழி தெரியவில்லை

“காசோலையில் தலைவரும் செயலரும் அல்லது பொருளாளரும் கையொப்பமிட வேண்டும்.” இந்த வரியை மெதுவாக இரண்டு தடவை படியுங்கள். தலைவர் கட்டாயம், கூட மற்ற இருவரில் ஒருவர் என்றும் படிக்கலாம். தலைவரும் செயலரும் சேர்ந்து போடட்டும், இல்லையென்றால் பொருளாளர் தனியாகவே போடட்டும் என்றும் படிக்கலாம். பொருளாளர் நல்லவராக இருந்த வரை யாரும் இரண்டாவது விதமாகப் படிக்கவில்லை. மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: “காசோலையில் இருவர் கையொப்பம் வேண்டும். ஒருவர் பொருளாளர். மற்றவர் தலைவர் அல்லது செயலர்.” உம்மும் அல்லதும் ஒரே வாக்கியத்தில் வந்தால் உடைத்துவிடுவது நல்லது, பண விஷயத்தில் கட்டாயம் உடைக்க வேண்டும்.

அடுத்து “அவசரச் செலவு”. தலைவர் அவசரத் தேவைக்குச் செலவு செய்துவிட்டுப் பின்னர் ஒப்புதல் பெறலாம் என்று எல்லா பைலாவிலும் ஒரு வரி இருக்கும். எவ்வளவு வரை? பின்னர் என்றால் எப்போது? ஒப்புதல் கிடைக்காவிட்டால்? எங்கள் பள்ளியில் கோடை விடுமுறையில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனது. பள்ளி திறக்க நாலு நாள், தலைவர் தன் கைப்பணம் 38,000 ரூபாய் போட்டு மாற்றிவிட்டார். நியாயமான செலவு, தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளை எப்படி வரச்சொல்வது? ஆனால் ஜூலையில் “மூணு கொட்டேஷன் வாங்கினீங்களா சார்?” என்று ஒருவர் கேட்க, மனிதர் மனம் நொந்து ராஜினாமா கடிதம் நீட்டிவிட்டார். கேட்டவர் மேலும் தப்பில்லை.

உச்சவரம்பு, செலவுக்கு முன் போனிலாவது சம்மதம் சொல்ல வேண்டிய இருவர் யார், எத்தனை நாளுக்குள் செயற்குழு முன் பில் வர வேண்டும், இந்த மூன்றையும் எழுதுங்கள். அந்த வரம்புக்குள், அந்தச் சம்மதத்தோடு செய்த செலவுக்குச் சங்கம் பொறுப்பு, மீறியதற்குச் செய்தவர் பொறுப்பு என்று ஒரு வரி.

சந்தாவை ஏற்றுவதற்கெல்லாம் பைலாவைத் திருத்த வேண்டியிருக்கிறது

தொகையை பைலாவில் எழுதியதுதான் தப்பு. “ஆண்டுச் சந்தாவைப் பொதுக்குழு தீர்மானிக்கும்” என்பதோடு பைலாவில் நிறுத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு என்பதைத் தனித் தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் வையுங்கள். அவசரச் செலவின் உச்சவரம்புக்கும் இதே கதைதான்.

தலைவரின் பிள்ளை பிளஸ் டூ முடித்துப் போய்விட்டது

மற்ற சங்கங்களுக்கு இல்லாத, பெற்றோர் சங்கத்துக்கே உரிய வியாதி இது. உறுப்பினர்கள் வருடா வருடம் உதிர்கிறார்கள். மார்ச்சில் பொதுத் தேர்வு முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் இப்போது உறுப்பினரா இல்லையா? தலைவரும் பொருளாளரும் இருவருமே அந்த வகுப்பு என்றால் ஏப்ரலில் காசோலையில் யார் கையெழுத்துப் போடுவது?

இதன் வேர் “ஆண்டு” என்ற சொல்லில் இருக்கிறது. கணக்கு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. செயற்குழுவின் ஆண்டு, தேர்தல் நடந்த நாளிலிருந்து. பைலாவில் வெறுமனே ஆண்டு என்று பத்து இடத்தில் வரும், ஒவ்வொருவரும் தமக்கு வசதியான ஆண்டை எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் பொருள் விளக்கம் என்று முதல் பக்கத்திலேயே மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தோம்: கணக்காண்டு, பள்ளியாண்டு, பொறுப்பாண்டு. ஜூலை மாதம் ஆண்டுப் பொதுக்குழு, அதற்குள் மார்ச் கணக்கைத் தணிக்கை செய்ய மூன்று மாதம் கிடைக்கும். அந்தப் பொதுக்குழு முடியும் நேரத்தில் பொறுப்பு மாறும். பிள்ளை பள்ளியை விட்டாலும் பொறுப்பில் உள்ளவர் அந்தக் கூட்டம் வரை தொடர்ந்து கணக்கை ஒப்படைப்பார், ஆனால் அந்தத் தேர்தலில் அவர் நிற்க முடியாது.

சட்டப்படி செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. பெற்றோர் சங்கத்துக்கு மூன்று வருடமே அதிகம் என்பது என் எண்ணம். இரண்டு வருடம் வைத்து, வருடத்துக்குப் பாதிப் பேர் மாறுகிற மாதிரி அமைத்தால் பழைய ஆள் ஒருவராவது எப்போதும் இருப்பார். ஆள் மாறும்போதெல்லாம் பதிவாளர் அலுவலகத்தில் 7ஆம் எண் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அதை மறந்தால் வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போது மாட்டிக்கொள்வோம்.

வாட்ஸாப்பில் முடிவு செய்துவிட்டார்கள்

கட்டைவிரல் 63 விழுந்தது, அதனால் ஆண்டு விழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா உறுதி என்று செயலர் முன்பணம் கொடுத்துவிட்டார். அந்த 63இல் சிலர் “செய்தியைப் பார்த்தேன்” என்பதற்காகப் போட்ட கட்டைவிரல். பைலாவில் இரண்டே வரி போதும்: அறிவிப்பு அனுப்புவதற்கு வாட்ஸாப் செல்லும், வாக்கெடுப்புக்குச் செல்லாது. எந்த எண் என்ற கேள்விக்கு, உறுப்பினர் படிவத்தில் அவர் எழுதிக்கொடுத்த எண். படிவத்தில் எண் தராதவருக்கு அறிவிப்பு, பள்ளி அறிவிப்புப் பலகையிலும் பிள்ளையின் டைரியிலும்.

இரண்டு செயற்குழு, இரண்டு லெட்டர்பேடு

இது முற்றிய நிலை. ஒரு கோஷ்டி கூட்டம் போட்டுத் தேர்தல் நடத்துகிறது. அது செல்லாது என்று இன்னொரு கோஷ்டி வேறு தேர்தல் நடத்துகிறது. இருவரும் 7ஆம் எண் படிவத்தோடு பதிவாளரிடம் ஓடுகிறார்கள். வங்கி கணக்கை நிறுத்திவைக்கிறது. எது உண்மையான செயற்குழு என்று தீர்ப்புச் சொல்லுவது பதிவாளர் வேலையல்ல, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் முடிப்பதற்குள் உங்கள் பிள்ளை கல்லூரி முடித்திருக்கும். ஆகவே இந்த நிலைக்கு வந்தபின் பைலாவில் மருந்து கிடையாது. முன்கூட்டியே போட வேண்டிய தடுப்பூசி மட்டும்தான்.

அந்தத் தடுப்பூசி, “தேர்தல்” என்ற தனி அத்தியாயம். பெரும்பாலான பைலாவில் “செயற்குழு பொதுக்குழுவால் தேர்ந்தெடுக்கப்படும்” என்பதோடு முடிந்திருக்கும். குறைந்தபட்சம் இவை வேண்டும்: தேர்தலை நடத்துபவர் யார், அவர் போட்டியிடக் கூடாது, வாக்காளர் பட்டியல் எந்தத் தேதி நிலவரப்படி, அதில் பெயர் விட்டுப்போனால் எத்தனை நாளுக்குள் யாரிடம் சொல்வது, வேட்புமனு, வாபஸ் தேதிகள், சமமான வாக்கு என்றால் குலுக்கல், வாக்குச்சீட்டை உறையிட்டு எத்தனை நாள் யாரிடம் வைப்பது. பட்டியல் தேதிதான் இதில் உயிர். தேர்தலுக்கு முந்தின நாள் நாற்பது பேருக்குச் சந்தா ரசீது போட்டு உள்ளே கொண்டுவருவது நம் ஊரில் தெரியாத வித்தையா?

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஞாபகம் வரும். குடவோலை என்று பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அதில் நம் வேலைக்கு உதவுகிற சங்கதி வேறு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 919இல் ஒரு ஏற்பாடு, 921இல் அதைத் திருத்தி இன்னொன்று. இரண்டே வருடத்தில் அதன் ஓட்டைகள் தெரிந்து பைலா திருத்தம் செய்திருக்கிறார்கள். இரண்டாவதில் வயது 35க்கு மேல் 70க்குள் என்று இருக்கிறது. முன்பு வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவருடைய உறவினரும் கூடாது. அந்த உறவினர் யார் யார் என்று சித்தி, பெரியம்மா, அத்தை, மாமன் பிள்ளைகள் வரை பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஓலையை எடுப்பதற்கு விவரமறியாத சிறுவன் ஒருவன். “நெருங்கிய உறவினர் போட்டியிடக் கூடாது” என்று மட்டும் எழுதிவிட்டு, மச்சினர் நெருங்கிய உறவா என்று இரவு எட்டு மணி வரை விவாதித்த எங்கள் செயற்குழுவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். கணக்கு ஒப்படைக்காதவர் நிற்க முடியாது என்ற வரியை அன்றைக்கே சேர்த்துக்கொண்டோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவோடு உரசல்

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 21ஆம் பிரிவின்படி அமைவது அது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அது இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் இருக்கும், ஆனால் ஆலோசனை சொல்லும் அளவுதான். உங்கள் பைலா அந்தக் குழுவைக் கட்டுப்படுத்த முடியாது, அதன் தீர்மானம் உங்கள் வங்கிக் கணக்கைத் தொட முடியாது. பைலாவின் நோக்கப் பகுதியில் “பள்ளி நிர்வாகத்தை மேற்பார்வையிடுதல்” மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். உரசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

திருத்தம் நிறைவேறியது, ஆனால் பழைய விதியே நடக்கிறது

கடைசியாக, திருத்துகிற முறையிலேயே வரும் கோளாறு. கூட்டத்தில் கைதட்டி நிறைவேற்றினோம், ஆறு மாதம் கழித்து யாரோ பழைய விதியைக் காட்டுகிறார், அவர் சொல்வதே சரியாகவும் இருக்கிறது. ஏனென்றால் பதிவாளர் பதிவு செய்யும் வரை திருத்தம் நடப்புக்கு வராது. மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியதோடு நின்றுவிட்ட திருத்தங்கள் எத்தனை சங்கங்களில் கிடக்கின்றனவோ!

நாங்கள் இரண்டாவது பள்ளியில் செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் மூன்று கட்டத் தாள். இடப்பக்கம் இப்போதுள்ள வரி, நடுவில் புது வரி, வலப்பக்கம் ஏன் என்று ஒரே வாக்கியம். “விதி 9 பொருத்தமாகத் திருத்தப்படுகிறது” என்றெல்லாம் எழுதக் கூடாது, முழு வரியும் இருக்க வேண்டும். அந்தத் தாளை முன்னறிவிப்போடு சேர்த்தே அனுப்பினோம். அதற்கு முன், சங்கத்தில் எதிலும் சம்பந்தமில்லாத இரண்டு பெற்றோரிடம் கொடுத்து, “இதை வைத்து என்னை ஏமாற்ற முடியுமா பாருங்கள்” என்று கேட்டோம். அதில் ஒருவர் ரேஷன் கடை விற்பனையாளர். ஐந்தே நிமிடத்தில் ரசீதுப் புத்தகத்துக்கு வரிசை எண் வேண்டும் என்று விதியில் இல்லாததைப் பிடித்தார். எனக்கு அது தோன்றவே இல்லை.

கூட்டத்தில் ஒவ்வொரு விதியையும் தனித்தனியாக வாக்குக்கு விட்டோம். மொத்தமாக வைத்தால் ஒரு விதியில் உள்ள கோபத்தில் பன்னிரண்டும் தோற்கும். வந்தவர் எத்தனை, ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, நடுநிலை எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணை எழுதினோம், முன்மொழிந்தவர் வழிமொழிந்தவர் பெயரோடு. “ஏகமனதாக” என்ற சொல்லை நான் நம்புவதில்லை. எண் இருந்தால்தான் நான்கில் மூன்று பங்கு வந்ததா என்று பிறகு யாராலும் சரிபார்க்க முடியும். கூட்டத்திலேயே யாராவது வார்த்தை மாற்றம் சொன்னால்? எழுத்துப் பிழை என்றால் திருத்திக்கொள்ளலாம். பொருளே மாறுகிறது என்றால் அந்த விதியை அன்றைக்கு விட்டுவிட வேண்டும், ஏனென்றால் 21 நாள் முன் மற்றவர்கள் பார்த்தது அதுவல்ல.

அடுத்த திங்கட்கிழமையே முன்னறிவிப்பு நகல், வருகைப் பதிவேட்டு நகல், தீர்மான நகல், திருத்திய முழு பைலா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகம் போனோம். தாக்கலுக்குக் காலக்கெடு உண்டு, தாமதம் ஆனால் அபராதம், விளக்கக் கடிதம் என்று அலைய வேண்டும். இரண்டு இடத்தில் விதி எண் மாறியிருக்கிறது என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், சரிசெய்து கொடுத்தோம். பதிவான நகல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிவு எண்ணையும் திருத்திய தேதியையும் போட்டு புதிதாக அடித்து, ஒன்றைப் பள்ளி அலுவலகத்திலும் ஒன்றை நூலகத்திலும் வைத்தோம். பழைய ஜெராக்ஸ்களை வாங்கிச் சேகரிக்க இரண்டு வாரம் ஆனது. ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை, பழைய பொருளாளர் வீட்டில் இருக்கிறதாம்.